நாலு வருஷமாக மெக்சிகோவில் விளையாடுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்சிகோ போனதில்லை. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் சொற்களில் பாதி கெட்ட வார்த்தை. அதையும் கேம்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

ஆரம்பம் 2021 நவம்பர், மெக்சிகோவில் நடக்கும் ஃபோர்ஸா ஹொரைஸன் 5 என்ற கார் பந்தய கேம். நூறு ஜிபிக்கு மேல் டவுன்லோடு. இரண்டு ராத்திரி லேப்டாப்பை மூடாமல் போட்டு வைத்திருந்தேன். எரிமலை, பாலைவனம், மணல்புயல், குவானஹுவாத்தோ நகரின் வண்ணவண்ண வீடுகள் எல்லாம் கண்ணுக்கு விருந்து. அந்த ஊரின் அடியில் ஓடும் சுரங்கச் சாலைகளில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்று பிறகு படித்தபோது, தினமும் அதற்குள் விரட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதில் எனக்குப் பிடித்த வண்டி ஃபெராரி இல்லை, பழைய பீட்டில். மெக்சிகோக்காரர்கள் அதைச் செல்லமாக வோச்சோ என்பார்கள். உலகத்தின் கடைசிப் பழைய பீட்டில் 2003 ஜூலையில் அங்கே புவெப்லா தொழிற்சாலையில்தான் உருவானது.

ஆனால் ஆறு மாதத்தில் சலித்துவிட்டது. பந்தயத்தைப் பார்க்கக் கூட்டம் நிற்கும், தெருவில் ஒரு ஆள் நடக்கமாட்டார். வண்டியை விட்டு இறங்கி ஒரு கடையில் டாக்கோ வாங்க வழியில்லை. டூரிஸ்ட் பஸ் ஜன்னல் வழியாக ஊர் பார்த்த கதைதான்.

அப்போதுதான் அக்கா பையன் லீவுக்கு வந்தான். இரண்டு பேர் சேர்ந்து ஆட ஏதாவது வேண்டுமே என்று தேடியதில் சிக்கியது குவாக்கமெலி, 2013இல் வந்தது. செய்தது கனடாவின் டொரோண்டோவில் உள்ள கம்பெனி என்றாலும், மூல யோசனை அங்கே வேலை செய்த ஒரு மெக்சிகோ அனிமேட்டருடையது. ஹுவான் ஒரு கற்றாழை விவசாயி. அவனைக் கொன்றுவிட்டு, அவன் காதலியைத் தூக்கிப்போகிறது ஒரு குதிரைக்கார எலும்புக்கூடு. செத்தவர்களின் உலகத்தில் ஹுவானுக்கு ஒரு முகமூடி கிடைக்கிறது, போட்டதும் மல்யுத்த வீரன் ஆகிவிடுகிறான். மெக்சிகோ மல்யுத்தத்தில் முகமூடி சும்மா வேஷம் இல்லை. எல் சாந்தோ என்ற பெரிய மல்யுத்த நட்சத்திரத்தை 1984இல் முகமூடியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

கேமின் உயிர் எதில் இருக்கிறது என்றால், பாதியில் ஒரு பட்டனை அழுத்தி வாழ்கிறவர்கள் உலகத்துக்கும் செத்தவர்கள் உலகத்துக்கும் மாறிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து எதிரி இங்கே வெறும் நிழல், அடித்தால் படாது. உலகம் மாறித்தான் அடிக்க வேண்டும். ஒரே தாவலில் மூன்று தடவை மாறவேண்டிய இடங்களில் என் விரல் பின்னிக்கொண்டது, பன்னிரண்டு வயசுக்காரன் அலட்சியமாகத் தாண்டிப் போனான். "கோழியா மாறுங்க மாமா, கோழியா மாறுங்க!" என்று கத்துவான். ஆமாம், கோழியாகவும் மாறலாம். இன்டர்நெட் மீம்களைச் சுவர் போஸ்டர்களில் ஒட்டியிருப்பதுதான் பிடிக்கவில்லை. அன்றைக்குச் சிரிப்பு வந்திருக்கும், இன்றைக்குப் பழைய சாம்பார்.

அந்தச் செத்தவர்கள் உலகத்தின் ருசியில்தான் கிரிம் ஃபான்டாங்கோ என்ற புதிர் கேமை வாங்கினேன். 1998இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்டது, நான் ஆடியது 2015இல் மெருகேற்றி மறுபடி வந்த ரீமாஸ்டர். மானி கலவேரா என்ற எலும்புக்கூடு, இறப்புத் துறையில் டிராவல் ஏஜென்ட். செத்து வருகிறவர்களுக்குப் பயணப் பேக்கேஜ் விற்கவேண்டும். நல்லவனாக வாழ்ந்திருந்தால் நாலே நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயிலில் டிக்கெட், இல்லாவிட்டால் நாலு வருஷம் நடை. அந்த நல்லவர்களின் டிக்கெட்டை ஆபீசிலேயே எவனோ சுருட்டுகிறான்! மெக்சிகோவின் பழைய ஆஸ்டெக் மக்களின் நம்பிக்கைப்படி ஆவி ஒன்பது அடுக்குகளைக் கடந்து போய்ச்சேர நாலு வருஷம் ஆகும். அதை அப்படியே கேமின் நாலு பாகங்களாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு பாகமும் நடப்பது அந்தந்த வருஷத்து இறந்தவர்கள் நாளில், அதாவது செத்துப்போன சொந்தங்களை நினைத்து மெக்சிகோக்காரர்கள் கொண்டாடும் பண்டிகையில். செத்தவன் மறுபடி சாவது எப்படி என்றால், சுட்டதும் எலும்பிலிருந்து பூக்கள் முளைத்து மூடிவிடும். முதல் தடவை பார்த்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். (அந்த நாளில் மெக்சிகோவில் கல்லறையெங்கும் பரப்புகிற பூ நம்ம செண்டுமல்லிதான். அங்கிருந்துதான் அது இங்கே வந்ததும்.)

புதிர்கள் மட்டும் கொடுமை. மரங்கள் கல்லாகிப்போன ஒரு காட்டில் ஒரு கைகாட்டிப் பலகையோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் விடையைத் தேடிப் பார்த்ததில் வெட்கமில்லை.

மெக்சிகோவிலேயே, சிவாவா நகரத்தில் செய்தது முலாக்கா, 2018. வடக்கு மலைகளின் ராராமுரி மக்களுடைய கதை. கதை சொல்லும் குரல் அவர்கள் மொழியிலேயே வருகிறது, கீழே சப்டைட்டில். ஹீரோ ஒரு மந்திரவாதி, அவனுக்கு உயிர் ஒன்றில்லை, மூன்று. அது அந்த மக்களின் நம்பிக்கை. அடிபட்டால் மருந்தைக் குடித்துவிட்டு ஓடமுடியாது, நின்று ஆடவேண்டும். எதிரி பாய்ந்து வருகிற நேரத்தில் நிதானமாக ஒரு நடனம்! முதல் நாள் எரிச்சலில் மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது, அந்த நடனத்துக்கு நேரம் ஒதுக்கித்தான் சண்டையையே திட்டமிடவேண்டும். சண்டைகள் ஒரே மாதிரி இருக்கும், கேமரா கடைசிவரை எனக்குப் பழகவில்லை. ஆனாலும் இந்த வரிசையில் நான் இரண்டு தடவை முடித்தது இது ஒன்றுதான்.

ஃபோர்ஸாவை இடம் போதாமல் அழித்தாகிவிட்டது. அக்கா பையன் இந்த மே மாதமும் வந்திருக்கிறான். குவாக்கமெலி இரண்டாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கோழிகளுக்கென்று ஒரு ரகசியச் சங்கமே இருக்கிறது, அவன் மனுஷ உருவத்துக்குத் திரும்பவே மாட்டேன் என்கிறான்.