நாய்க்கு ‘யாக் பால் குச்சி’ உதிரியாக வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் நாய் வளர்க்கிறவர்கள் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். கண்ணாடி ஜாடியில் உதிரியாகப் போட்டு விற்கிற கடிக்கும் குச்சியைக் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள். நான் வாங்கினேன். குச்சி 600 ரூபாய். அதை நாயின் வயிற்றிலிருந்து எடுக்க 18,600 ரூபாய்.

எங்கள் சுக்குவுக்கு நாலு வயது. லேப்ரடார் கலப்பு, 27 கிலோ. நிறத்தைப் பார்த்து அப்பா வைத்த பெயர். அந்தப் பெயருக்குள்ள குணம் மட்டும் அவன் வயிற்றுக்கு வரவில்லை. ஒரு பிஸ்கட் கூடினால் மறுநாள் காலை வாசலைக் கழுவ வேண்டியதுதான். குழைந்த சோறு, தோலெடுத்த கோழி, வேகவைத்த பரங்கிக்காய் என்றே வருடக்கணக்காக ஓடுகிறது. ஆனால் வாய் சும்மா இருக்காதே. ஜூலை மழையில் நாலு நாள் வெளியே கூட்டிப்போக முடியாவிட்டால் செருப்பு, கதவு நிலை, என் மாமியாரின் கைத்தடி எதுவும் தப்பாது.

அதனால்தான் சுர்பி தேடிப் போனேன். நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் மனிதர்களே வாயில் அடக்கிவைத்து மெல்லுகிற காய்ந்த பாலாடைக்கட்டி அது. யாக் என்கிற இமயமலைச் சடைமாட்டின் பாலிலும் செய்வார்கள், கடைகளில் ‘யாக் பால் குச்சி’ என்பது இதைத்தான். கொழுப்பெடுத்த பாலைத் திரியவைத்து, அழுத்தி, கல்லாகக் காயவைப்பார்கள். கொழுப்பும் குறைவு, பால் சர்க்கரையும் குறைவு என்பதால் வயிறு லேசான நாய்க்கு ஒத்துப்போகும் என்று பலர் வாங்குகிறார்கள்.

கடைப் பையன் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டையை எடுத்து நீட்டினான். “ஒரிஜினல் யாக் பால்க்கா. ஒரு மாசம் வரும். வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது.” கவர் எங்கே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “பிளாஸ்டிக் தடைல்லங்க்கா, அதான் பிரிச்சுக் கொட்டி வச்சிருக்கோம்.” நீலகிரியில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்தப் பதிலுக்குமேல் யாரும் பேச மாட்டோம். நானும் பேசவில்லை. பில் கேட்கவும் தோன்றவில்லை.

ஒரு மாதம் வரும் என்றது இரண்டு நாளில் பாதியானது. இரண்டாம் நாள் ராத்திரி விரல் நீளத் துண்டு ஒன்றைக் காணோம், முழுங்கிவிட்டான். விடியற்காலை இரண்டு மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை. நடுவில் முன்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றான். விளையாடக் கூப்பிடுகிறானோ என்றுகூட நினைத்தேன். வயிறு வலிக்கிற நாய் அப்படி நிற்குமாம். இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் கரைத்துக் கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். நல்லவேளை, அதற்குள் டாக்டரம்மா போனை எடுத்துவிட்டார். “உப்பைக் கையில எடுக்காதீங்க” என்று ஒரு சத்தம். அந்த உப்பே நாய்க்கு விஷமாகலாம். கட்டியான துண்டு மேலே வரும்போது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் அது இன்னொரு ஆபத்து. அந்தப் பனியில் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. எக்ஸ்ரேயில் துண்டு தெளிவாகத் தெரியவில்லை, ஸ்கேனில்தான் பிடிபட்டது. குடலுக்குள் இறங்காமல் இரைப்பையிலேயே கிடந்ததால் கத்தி வைக்காமல் குழாய் விட்டு எடுத்தார்கள். ட்ரேயில் கிடந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டர் சொன்னார்: “இது பாலும் இல்ல, கட்டியும் இல்லம்மா. மாட்டுத் தோல்.”

என் சித்தப்பா வாணியம்பாடியில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை பார்த்தவர். துண்டின் படத்தை அனுப்பியதுமே புரிந்துகொண்டார். தோலைச் சுண்ணாம்பிலும் சல்பைடிலும் போட்டு முடியெடுத்து, இரண்டாகப் பிளப்பார்களாம். மேல்பக்கம் செருப்புக்கும் பைக்கும் போகும். உள்பக்கத்தைக் காயவைத்துச் சுருட்டினாலோ, அழுத்திக் கட்டையாக்கினாலோ நாய்க் கடைகளில் தொங்குகிற எலும்பு தயார். வெள்ளையாக வேண்டுமென்றால் பெராக்சைடு. எல்லா நாய்க்கும் இதனால் கெடுதல் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய துண்டாக முழுங்கினால் அது சீக்கிரம் கரையாது, ஈரத்தில் ஊதிப்போய் வழியை அடைக்கும்.

வீட்டில் மிச்சமிருந்த பாதியைச் சொம்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நம்பகமான இடத்திலிருந்து கவரோடு வாங்கின நிஜ சுர்பி ஒன்றைப் பக்கத்துச் சொம்பில் போட்டேன். காலையில் சுர்பி மேலே கொஞ்சம் மெத்தென்றிருந்தது, பால் வாடை வந்தது, அவ்வளவுதான். கடைக்காரர் கொடுத்ததோ இரண்டு மடங்கு பருத்து, ஈரச் செருப்பு மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து, வழவழவென்று கிடந்தது. தண்ணீரில் பழுப்புச் சாயம்.

இரண்டையும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி பார்க்கக்கூட இல்லை. “உங்க நாய்க்கு வயிறே சரியில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றார். அந்த வாயை நான் என்ன சொல்ல. திரும்பும்போதுதான் கல்லாவுக்குக் கீழே இருந்த காலி அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. எருமைத் தோல் என்று ஆங்கிலத்தில் பெரிதாகவே அச்சடித்திருந்தது. அதில்தான் குப்பை போட்டு வைத்திருந்தார்கள்.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். முதலில் பில்தான் கேட்டார்கள். இல்லை. பாடம் எனக்கு.

நிஜ சுர்பியும் இப்போது கொடுப்பதில்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுத்தால் கடைவாய்ப் பல் பிளக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அது சுர்பிக்கும் சேர்த்துத்தான். எஸ்டேட்டில் கிடக்கும் கடமான் கொம்பை எடுத்துக் கொடு என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. பல் போவது இருக்கட்டும், 1972 வனவிலங்குச் சட்டத்தில் நாம் உள்ளே போவோம். கறிக்கடை எலும்பை வேகவைத்துக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள், ஊசி ஊசியாக உடையும்.

இப்போது அவனுக்கு இரண்டே சாமான். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் பொம்மை, அவன் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில். பரங்கிக்காயையும் குழைந்த சோற்றையும் உள்ளே திணித்து உறையவைத்தால் நாற்பது நிமிடம் ஓடும். இன்னொன்று, கேத்திக் கேரட்டில் நல்ல தடியானது, நன்றாகக் கழுவி, முழுசாக. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, கடைசித் துண்டை வாயிலிருந்து பிடுங்கிவிடுவேன். முதல் வாரம் பாதிக் கேரட்தான் கொடுத்தேன். புதிதாக எது கொடுத்தாலும் ஒன்றை மட்டும், கொஞ்சமாகக் கொடுத்து இரண்டு நாள் மலத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஊறின அந்தத் துண்டை டப்பாவோடு ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன், மாமியாரின் முனகலையும் மீறி. கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது பார்க்கணும் என்றால் வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.