ஏலக்காயை ஏலத்தில் விடுவதா, கடையில் போடுவதா?

இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் காய் உலர்ந்து மூட்டை கட்டியதும் இதே கேள்விதான். ஊர்க் கடைக்காரர் ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, நிறம் பார்த்து விலை சொல்வார். அன்றே காசு. ஆனால் விலை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். முன்பணம் வாங்கியிருந்தால் பேரம் பேச வாயே வராது.

புற்றடியிலோ போடியிலோ ஸ்பைசஸ் போர்டு (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) மின் ஏலத்துக்கு அனுப்பினால், மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் போட்டி போடுவார்கள். 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது ஏலத்தில்தான் (அது உச்ச விலை, சராசரி அல்ல). பணம் கைக்கு வரத்தான் நாளாகும். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த பச்சைக் காய் என்றால் காத்திருக்கலாம். சின்னதும் வெடித்ததும் கலந்திருந்தால் கடையே மேல். நான் பாதிப் பாதி போடுகிறேன். சனிக்கிழமை ஆட்கூலி தந்தாக வேண்டுமே.