அன்றைக்கே பி.எல்.எஸ். கார்ட் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வேலை செய்யும் தாதியர்களும், வெளிநாட்டு வேலைக்குப் பேப்பர் அடுக்கிக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாரும் இதை ஒருதரம் முழுக்க வாசியுங்கள். "பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். வீட்டில் இருந்தபடியே புதுப்பிக்கலாம், கார்ட் அன்றைக்கே கையில்" என்று பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. நான் அதற்கு 24,000 ரூபாய் கட்டினேன். கிடைத்தது எங்கேயும் செல்லாத ஒரு பிடிஎஃப். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதி. மூச்சும் நாடியும் நின்ற ஒருவரை மீட்கிற அடிப்படைப் பயிற்சிதான் பி.எல்.எஸ். மருந்து, இதயத்துடிப்பின் கோலம், மின் அதிர்ச்சி (ஷொக்) எல்லாம் சேர்ந்த அடுத்த படி ஏ.சி.எல்.எஸ். அமெரிக்க இதயச் சங்கம் கொடுக்கும் கார்ட் இரண்டு வருடம், அந்த மாதத்தின் கடைசி நாள் வரைக்கும் செல்லும். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். வளைகுடாவில் வேலைக்கு விண்ணப்பிக்கிற எல்லாருக்கும் தெரியும், மற்ற எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தாலும் இந்தக் கார்ட் காலாவதியானால் ஃபைல் அப்படியே நின்றுவிடும்.

புதுப்பிக்க நமக்குக் கொழும்பு போக வேண்டியிருக்கிறது. இரவு பஸ், அங்கே தங்குமிடம், லீவு, ரோஸ்டரில் ஆள் மாற்றுவதற்குப் பொறுப்பு மிஸ்ஸிடம் கெஞ்சல். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே பாடுதான். கைக்குழந்தை உள்ள அக்காமாருக்கு அது முடியவே முடியாத காரியம். இந்தக் கஷ்டம் அந்த விளம்பரக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். விளம்பரத்திலேயே "கிழக்கு மாகாணத்தவர்களுக்கு விசேட ஏற்பாடு" என்று போட்டிருந்தார்கள்.

போனில் பேசியவர் நல்ல தமிழ். "தங்கச்சி, பாடம் ஓன்லைனில், கைப்பயிற்சி மட்டக்களப்பிலேயே. எங்கட பயிற்றுநர் பொம்மையோட வருவார், டவுனில ஹோல் எடுத்திருக்கம்" என்றார். இந்தப் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது. உண்மையான முறையும் இப்படித்தான். பாடத்தை ஓன்லைனில் படித்து முடித்துவிட்டு, பிறகு ஆள் உருவப் பயிற்சிப் பொம்மையில் செய்து காட்டுகிற கலப்புமுறை அமெரிக்க இதயச் சங்கத்திலேயே இருக்கிறது, ஹார்ட்கோட் என்று பெயர். ஓன்லைன் பகுதியை மட்டும் முடித்தால் ஒரு முடிவுச் சான்றிதழ் வரும், அது கார்ட் ஆகாது. கைப்பயிற்சியில் தேறினால்தான் கார்ட். ஆகவே அந்த மனிதர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. பணத்தை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார், நிறுவனக் கணக்கு புதுப்பிப்பில் இருக்கிறதாம். போட்டேன்.

பாடம் திறந்தது. முதல் சில பக்கங்களிலேயே எனக்கு நெஞ்சு திக்கென்றது. முதலில் சுவாசப் பாதை, பிறகு மூச்சு, அதற்குப் பிறகு நெஞ்சை அழுத்துதல் என்று வரிசை போட்டிருந்தார்கள். அந்த வரிசையை 2010 ஆம் ஆண்டிலேயே மாற்றியாகிவிட்டது. நெஞ்சை அழுத்துவதுதான் முதல் வேலை. அழுத்தும் ஆழம் நாலு முதல் ஐந்து சென்டிமீட்டர் என்று இருந்தது. அது சங்கத்தின் 2005 ஆம் ஆண்டு வழிகாட்டல். பெரியவர்களுக்குக் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் அமுக்க வேண்டும், ஆறைத் தாண்டக் கூடாது, நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். இது எங்கள் வார்ட் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

ஏ.சி.எல்.எஸ். பாடம் இதைவிட மோசம். அசிஸ்டொலி, அதாவது மொனிட்டரில் நேர்கோடு ஓடும் நிலைக்கு அட்ரோபின் கொடுக்கச் சொல்லி இருந்தது. அதுவும் 2010 இல் எடுக்கப்பட்டது. அங்கே கொடுக்க வேண்டியது அட்ரினலின், ஒரு மில்லிகிராம், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், நெஞ்சை அழுத்துவது நிற்காமல். அட்ரோபின் தேவைப்படுவது துடிப்பு மெதுவாகிப் போகிற ஆளுக்கு. ஒரு புதுத் தாதி இந்தப் பக்கத்தைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு நைட் டியூட்டிக்குப் போனால் என்ன நடக்கும்? வழிகாட்டல்கள் பிறகு 2015 இலும் 2020 இலும் 2025 இலும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. இவர்கள் 2005 ஐத் தூசி தட்டி விற்கிறார்கள்.

வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். பக்கங்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்தும் அனுப்பினேன். வந்த பதில் இது: "மிஸ், அது எக்ஸாமுக்கு வராது. நீங்க நெக்ஸ்ட் அமத்திப் போங்க." காசு போகும் வரைக்கும் தங்கச்சி, போன பிறகு மிஸ்.

நான் பரீட்சையைத் தொடவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதற்கு மறுமொழி வரவில்லை. ஆனால் அடுத்த நாள் மின்னஞ்சலில் இரண்டு கார்ட்டும் வந்து சேர்ந்தன. எழுதாத பரீட்சையில் தேறியதாக, கைப்பயிற்சி முடித்ததாக, என் முழுப்பெயருடன். டவுனில் ஹோலும் இல்லை, பொம்மையும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. கைப்பயிற்சி எப்போது என்று கேட்டால், "கார்ட் வந்திட்டுதானே மிஸ், பிறகென்ன?" என்றார்கள்.

அந்தக் கார்டைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் சிவப்பு இதயமும் ஒரு தீச்சுடரும், தூரத்தில் பார்த்தால் அமெரிக்க இதயச் சங்கத்தின் அடையாளம்தான். கிட்டப் பார்த்தால் சுடரின் வளைவு வேறு, கீழே சங்கத்தின் பெயரே இல்லை. அதற்குப் பதிலாக "வழிகாட்டல்களுக்கு அமைவானது" என்று சின்ன எழுத்து. அப்படி யாரும் போட்டுக்கொள்ளலாம், வழிகாட்டல்கள் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துதானே கிடக்கின்றன. பயிற்சி நிலையத்தின் பெயரும் இல்லை, பயிற்றுநரின் பெயரும் இல்லை. கியூஆர் இருந்தது. போனில் ஸ்கேன் செய்தால் அவர்களுடைய சொந்தத் தளமே திறந்து, இதே படத்தைக் காட்டிப் பக்கத்தில் பச்சைக் குறி போடுகிறது. தாங்களே கொடுத்து, தாங்களே சரி என்று சொல்கிற ஏற்பாடு.

என்னுடைய கதை இவ்வளவோடு நின்றது. அக்கரைப்பற்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற நாநா ஒருவர், முன்பு என்னோடு ஒன்றாக வேலை செய்தவர், அவருக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. அவரும் இதே ஆட்களிடம்தான் எடுத்திருக்கிறார். அதைச் சவூதியில் ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார். கைப்பயிற்சி இல்லாத கார்டை ஏற்க மாட்டோம், சங்கத்தின் பதிவில் இப்படி ஒரு கார்டே இல்லை என்று அங்கிருந்து மின்னஞ்சல் வந்தது. நேர்முகத் தேர்வும் தேறிவிட்டிருந்த மனிதர். போலிப் பேப்பர் கொடுத்தவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்று இப்போதும் அவருக்குத் தூக்கம் இல்லை. பதினைந்து வருடமாக நோயாளிகளின் நெஞ்சில் கைவைத்து உழைத்த ஒருவருக்கு இந்த நிலை வந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

விளம்பரத்தில் "தொழில் வழங்குநர் ஏற்காவிட்டால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நாநா சவூதி மின்னஞ்சலை அனுப்பிக் கேட்டார். மின்னஞ்சல் செல்லாதாம், வைத்தியசாலையின் கடிதத் தலைப்பில், கையொப்பம் இட்டு, முத்திரை குத்திய கடிதம் வேண்டுமாம். வேலை இல்லை என்று சொல்லிவிட்ட ஒரு வெளிநாட்டு நிறுவனம் யாருக்காக உட்கார்ந்து கடிதம் அடிக்கும்? அந்த உறுதிமொழியே யாரும் எடுக்க முடியாதபடி எழுதப்பட்டது.

பிறகு நான் கொழும்புக்கே போய் ஒரு முறையான நிலையத்தில் செய்து முடித்தேன். அங்கே நடந்ததைச் சொன்னால்தான் இந்த பிடிஎஃப் வியாபாரம் எவ்வளவு பெரிய துரோகம் என்று விளங்கும். பொம்மையின் தோளில் சின்ன விளக்குகள் இருந்தன. அழுத்தும் வேகம் சரியாக இருந்தால் பச்சை, குறைந்தால் வேறு நிறம். ஆழம் சரியாகப் போனால் உள்ளே 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும். முழங்காலில் நின்று தொடங்கியபோது எல்லாம் பச்சையாகத்தான் ஓடியது. ஒரு நிமிடம் தாண்டியதும் எனக்குத் தெரியாமலே வேகம் விழத் தொடங்கியது. க்ளிக் சத்தமும் விட்டு விட்டு வந்தது. நான் நன்றாகத்தான் அழுத்துகிறேன் என்று என் கை சொன்னது, விளக்கு இல்லை என்றது. பயிற்றுநர் குனிந்து, "மேலே வரேக்க கையைப் பாரமில்லாமல் விடுங்க மிஸ், நெஞ்சு முழுக்க எழும்பட்டும்" என்றார். களைத்துப் போனால் முழுக்க விடாமல் சாய்ந்துகொள்கிறோம், அப்போது இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிறைய இடம் கிடைக்காது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஆளை மாற்ற வேண்டும் என்ற விதி எதற்கு என்று தோள்மூட்டுக்கே தெரிந்தது.

மாஸ்க் வைத்துக் கையால் அமத்தி மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கும் அப்படித்தான். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று எழுதிவிடலாம். மாஸ்கை முகத்தில் காற்று வெளியே கசியாமல் பிடித்து, தாடையைத் தூக்கி, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே பேக்கை அமத்துவது கை படித்தால்தான் வரும். வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர் நம்முடையது. நீரில் மூழ்கின பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுப்பதுதான் உயிர், நெஞ்சை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் போதாது. படுவான்கரையில் இருந்தோ வாகரையில் இருந்தோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்குகிற நோயாளிக்கு, நம் கையில் உண்மையான பயிற்சி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு.

சரி, பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கைப்பயிற்சி எங்கே, எந்தத் திகதி, எந்தப் பயிற்சி நிலையத்தின் பெயரில் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த நிலையத்துக்கே தனியாக அழைத்து, இப்படி ஒருவர் உங்களுக்காக ஆள் சேர்க்கிறாரா என்று விசாரியுங்கள். உண்மையான கார்டில் பயிற்சி நிலையத்தின் பெயர், பயிற்றுநர் பெயர், கார்ட் இலக்கம் மூன்றும் இருக்கும். அந்த இலக்கத்தை விற்றவரின் இணைப்பில் அழுத்திப் பார்க்காமல், ஹார்ட் டொட் ஓர்க் என்று முடியும் சங்கத்தின் சொந்தத் தளத்துக்கு நீங்களே போய்ச் சரிபாருங்கள். இன்னொன்று, பொதுமக்களுக்கான ஹார்ட்சேவர் வகுப்பை பி.எல்.எஸ். என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஹார்ட்சேவர் நல்ல வகுப்புத்தான், ஆனால் வைத்தியசாலை கேட்பது அதை அல்ல. பரீட்சை எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதலாம், தோற்கவே மாட்டீர்கள் என்று சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வைத்தியசாலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்றுநர்களைக் கிழக்குக்கு அழைத்து வருடத்துக்கு ஒரு தரமாவது இங்கேயே நடத்துங்கள். இருபது பேர் கொழும்புக்குப் போய்வரும் செலவில் இரண்டு பயிற்றுநர்களையும் பொம்மைகளையும் இங்கே கொண்டுவந்துவிடலாம். அதைச் செய்தால் இந்த வியாபாரிகளுக்கு இங்கே இடமே இருக்காது.

ஏற்கனவே பணம் கட்டியவர்கள் கவனியுங்கள். வட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். வங்கிப் பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், அவர்கள் அனுப்பிய பிடிஎஃப் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேமியுங்கள். விளம்பரத்தை அவர்கள் அடிக்கடி அழித்துவிட்டு வேறு பெயரில் போடுகிறார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு போக வேண்டும், ஆகவே இழுத்தடிக்க விடாதீர்கள். "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பது அதற்காகவும் இருக்கலாம். வங்கிக் கார்ட் மூலம் கட்டியிருந்தால் உடனே வங்கிக்கு எழுதிப் பரிவர்த்தனையைத் தகராறுக்கு உட்படுத்தலாம். என்னைப் போல் கணக்குக்குப் போட்டவர்களுக்குப் பொலிஸ்தான் வழி.

நாநாவும் நானும் மட்டக்களப்புப் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கிறோம். ஒரே கணக்கு இலக்கத்துக்குப் பணம் போட்டவர்கள் சேர்ந்து வந்தால் முறைப்பாட்டுக்குப் பாரம் கூடும். உங்கள் பற்றுச்சீட்டில் இருக்கும் கணக்கு இலக்கத்தின் கடைசி நாலு எண்களை மட்டும் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். ஒத்துப்போனால் எந்த நாளில், எத்தனை மணிக்குப் போகிறோம் என்று சொல்கிறேன்.