பரனூர் டோல்கேட் வந்தால் ஊமையாகிற ஆம்ப்: ஐந்து வருட அனுபவம்

கார் ஆம்ப் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கித் தருகிற ஆம்ப்ளிஃபையர்) வாங்கிய முதல் எட்டு மாதத்தை அதைத் திட்டியே கழித்தேன். நடு ரோட்டில் பாட்டு நின்றுவிடும், ஐந்து விநாடியில் தானாகவே திரும்ப வரும், மறுபடி நிற்கும். இரண்டு தடவை கழற்றி சர்வீசுக்கும் அனுப்பினேன். கடைசியில் பார்த்தால் ஆம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை. இன்றைக்கும் அதே ஆம்ப்தான் ஓடுகிறது.

2019 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பொருத்தியது. நான்கு சேனல், கிளாஸ் ஏபி வகை. முன்கதவு ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் தலா 60 வாட். பின் சேனல்கள் இரண்டையும் பிரிட்ஜ் பண்ணி, அதாவது ஒன்றாக இணைத்து, டிக்கியில் இருக்கிற 10 இஞ்ச் சப் வூஃபருக்கு 180 வாட். இதெல்லாம் ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர். அட்டைப் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 1200 வாட் என்று போட்டிருந்தது, அதை அப்போதே நம்பவில்லை. ஆம்ப்பின் பக்கவாட்டில் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கின்றன. 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 700 வாட். கிளாஸ் ஏபியில் அதில் பாதிக்குக் கிட்ட சூடாகவே போய்விடும். அப்புறம் 1200 எங்கிருந்து வரும்? ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் பெட்டியைப் பார்க்காமல் ஃபியூஸைப் பாருங்கள்.

வேலை செய்து கொடுத்த கடையின் பெயர் வேண்டாம். ஆம்ப் முன்பக்கப் பயணி சீட்டுக்கு அடியில். பேட்டரியிலிருந்து அதுவரை சிவப்பு பவர் வயர், கார் பாடியோடு இணைகிற எர்த் வயர், ஆம்ப்பை ஆன் பண்ண ஸ்டீரியோவிலிருந்து வரும் ரிமோட் வயர், பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிள் எல்லாம் 'கிட்' விலைக்குள் அடக்கம். 'நான்கு கேஜ் வயர் சார்' என்றார்கள். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும். பார்க்கவும் கட்டை விரல் தடிமனுக்குத்தான் இருந்தது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி சாலையில் தினமும் போய் வருகிறேன். காலையில் போகும்போது தொந்தரவே இல்லை. இரவு திரும்பும்போது பரனூர் டோல்கேட் வரிசையில் கார் ஊர்ந்தால் போதும், தவில் அடி விழுகிற இடத்தில் சரியாக ஆம்ப் கட் ஆகிவிடும். வரிசை நகர்ந்து வேகம் பிடித்ததும் ஒழுங்காகப் பாடும். பெருங்களத்தூர் நெரிசலில் மறுபடி ஆரம்பிக்கும். 'உன் பாட்டு டோல்கேட்டுக்குப் பயப்படுது' என்று வீட்டில் கிண்டல்.

இரவு, மெதுவான வேகம், பேஸ் அடி. இந்த மூன்றையும் சேர்த்து யோசித்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருக்கலாம். எனக்கு உறைக்கவில்லை. ஆம்ப்பில் பச்சை விளக்கு எரிந்தால் சரியாக ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் புரொடெக்ட், அதாவது ஏதோ ஒரு ஆபத்தைக் கண்டு தன்னையே காப்பாற்றிக்கொள்கிறது என்று கையேட்டில் இருந்தது. என் ஆம்ப்பில் சிவப்பு வரவே இல்லை. விளக்கு மொத்தமாக அணைந்து, பிறகு பச்சை வந்தது. அதனால் எங்கோ லூஸ் கான்டாக்ட் என்று நானே முடிவு கட்டினேன். ரிமோட் வயரை மாற்றினேன். ஃபியூஸ் இரண்டையும் மாற்றினேன். ஸ்டீரியோவின் பின்பக்க சாக்கெட்டை இரண்டு முறை பிடுங்கிச் செருகினேன்.

கடைக்குக் கொண்டுபோனேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்து, '13.7 வோல்ட் வருது சார், கரண்ட்ல பிரச்சினை இல்லை, ஆம்ப்தான் வீக்' என்றார். சர்வீசுக்கு அனுப்பினால் அங்கே மேசை மேல் இரண்டு மணி நேரம் நிற்காமல் பாடியிருக்கிறது. 'குறை எதுவும் இல்லை' என்று ஒட்டி அனுப்பிவிட்டார்கள். இதேதான் இரண்டாவது தடவையும் நடந்தது. நடுவில் ஒருவர் புரொடெக்ஷனை பைபாஸ் பண்ணித் தருகிறேன் என்றார். தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம். நல்லவேளை சரி என்று சொல்லவில்லை.

அந்த 13.7 வோல்ட்தான் எல்லோரையும் ஏமாற்றிய எண். ஆம்ப் சும்மா இருக்கும்போது இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான், அப்போது எவ்வளவு மட்டமான வயரிலும் வோல்ட்டேஜ் முழுசாக வந்து சேரும். பேஸ் அடிக்கும்போது 30, 40 ஆம்பியர் இழுக்கும். அந்த நொடியில் வயரிலும் எர்த்திலும் இருக்கிற தடை வோல்ட்டேஜைத் தின்றுவிடும். ஆம்ப் 10 வோல்ட்டுக்குக் கீழே போனதும் அணைந்துவிடும். அணைந்தால் லோடு இல்லை, லோடு இல்லையென்றால் வோல்ட்டேஜ் பழையபடி ஏறிவிடும், ஆம்ப்பும் எழுந்துகொள்ளும். நாம் மீட்டரை எடுத்து வைப்பதற்குள் தடயம் மறைந்துவிடுகிறது. பாட்டு ஓடாதபோது அளந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

இது புரிந்த பிறகு ரிச்சி தெருவில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்கிற பட்டன் உள்ள மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். பாட்டை வைத்து அளந்தால் முள் ஓடுகிற மாதிரி எண் ஓடும், ஒன்றும் பிடிபடாது. அதனால் போனில் 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை இறக்கி, கதவு ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, சப்பை மட்டும் இருபது விநாடி ஓடவிட்டேன். இரவில் ஏசி, ஹெட்லைட் போட்டு ஐட்லிங்கில் வைத்து எடுத்த அளவு இது. வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கிற நண்பரின் கிளாம்ப் மீட்டரில் ஏறக்குறைய 30 ஆம்பியர். பேட்டரி முனையில் 13.0 வோல்ட். ஆம்ப் முனையில் 10.2. நடுவில் 2.8 வோல்ட் காணவில்லை. சப் மட்டும் ஓடும்போதே இப்படி. கதவு ஸ்பீக்கரும் சேர்ந்தால் 10-க்குக் கீழே போகாமல் என்ன செய்யும்? பகலில் ஹெட்லைட் இல்லை, கார் ஓடும்போது ஆல்டர்னேட்டர் நன்றாகச் சுற்றுகிறது, அதனால் மயிரிழையில் தப்பித்து வந்திருக்கிறது. டோல்கேட் மர்மம் அத்தோடு விடிந்தது.

காணாமல் போன வோல்ட்டேஜ் பிளஸ் பக்கமா மைனஸ் பக்கமா என்று பிரித்துப் பார்க்க மீட்டர் முனை எட்டுவதற்கு அதோடு ஒரு காலிங் பெல் வயரை நீட்டிக் கட்டினேன். பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஆம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவே 0.9 வோல்ட். பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவே 1.9. இந்த இரண்டாவது எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது.

கார்ப்பெட்டைத் தூக்கினால், எர்த் வயரை ஒரு தகரத் திருகால் தரையில் முடுக்கி வைத்திருந்தார்கள். லக்குக்கு (வயர் முனையில் மாட்டுகிற உலோக வளையம்) அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, அதற்கும் அடியில் ரப்பர் மாதிரி சீலன்ட். திருகின் மரை மட்டும்தான் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவும் மழைத் தண்ணீரில் பழுப்பேறிப் போயிருந்தது.

வயரைக் கொஞ்சம் வெட்டி உரித்தேன். தடிமனில் பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை. உள்ளே இருந்த இழைகள் எட்டு கேஜுக்கும் தேறாது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம்: அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. இந்த வகை வயரில் அதே தடிமன் செம்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, தடிமனைக் கூட்டிப் போட்டால் வேலை செய்யும். நான்கு கேஜ் என்று சொல்லி இதைக் கொடுத்ததுதான் ஏமாற்று. வெளியே வெள்ளி நிறமும் சுரண்டினால் செம்பும் தெரிந்தால் அது வெள்ளீயம் பூசின செம்பு, நல்ல சரக்கு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கார் ஆடியோ வயர் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நான் எலெக்ட்ரிக்கல் கடையில் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் வாங்கினேன். வளைக்க லேசு, நான்கு கேஜை விடக் கொஞ்சம் பெரிது. ஆறு மீட்டர் போதுமானதாக இருந்தது. லக்கை மட்டும் பிளையரால் நசுக்காதீர்கள், கிரிம்பிங் கருவி வைத்திருக்கிற எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து அழுத்தி வாங்குங்கள். பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வைத்தேன். பழைய வேலையில் அது கால் வைக்கும் இடத்தில், கிளவ் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. இந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற வைப்பதில்லை. வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் கார் பற்றி எரியாமல் இருக்க வைப்பது. பேட்டரியிலிருந்து தள்ளி வைத்தால், அதற்கு முன்னால் இருக்கிற வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

எர்த்துக்கு உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கும்வரை பெயின்ட்டை எடுத்தேன். 8 மில்லிமீட்டர் போல்ட், பல் வாஷர், நட். துளை போடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன், பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் அந்தப் பக்கம்தான் போகின்றன. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார், அதைக் கேட்கவில்லை. முடுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடித்து மூடினேன், இந்தக் கடற்காற்றில் வெறும் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. மறுபடி அளந்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்து 0.3 வோல்ட்தான் இழப்பு.

அன்று இரவே பரனூர் போய்த் திரும்பினேன். வேலை எதுவும் இல்லை, சும்மா.

அதற்கப்புறம் இரண்டு தடவை ஆம்ப் அணைந்தது உண்டு. இரண்டும் வேறு காரணம், வேறு மாதிரி. 2021 மே மாதம், முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு சிவப்பு விளக்கு. இருபது நிமிடம் ஆறவிட்டால் சரியாகும். கை வைத்தால் சுட்டது. காரணம் சீட்டுக்கு அடியில் காற்று போகாததோடு என் பேராசையும்தான். பேஸ் பூஸ்ட் குமிழைக் கடைசிவரை, 12 டெசிபெல்லுக்குத் திருகி வைத்திருந்தேன். 3 டெசிபெல்லுக்கு ஒரு முறை பவர் இரட்டிப்பாகும். 12 என்றால் பதினாறு மடங்கு கேட்கிறோம், இருக்கிற ஆம்ப்பிடம். பூஸ்ட்டைப் பூஜ்யமாக்கி, கெயினை (உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் பெருக்குகிற அளவு) குறைத்து, ஆம்ப்பை டிக்கிப் பக்கம் பலகையில் ஏற்றினேன். ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேனும் போட்டேன். அதை நேராக ரிமோட் வயரில் கொடுக்காமல் ரிலே (சின்ன கரண்ட்டில் இயங்குகிற சுவிட்ச்) வழியாகக் கொடுத்தேன், ரிமோட் வயர் அதிகம் தாங்காது.

இன்னொன்று 2022 மழைக்காலத்தில். இடது கதவை அடித்துச் சாத்தினால் உடனே சிவப்பு. கதவு ரப்பர் குழாய்க்குள் விடாமல் வெளியே ஓட்டியிருந்த ஸ்பீக்கர் வயர் நசுங்கி பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

ஆம்ப்பைப் பற்றிச் சொல்லாமல் வயரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒலி இந்த விலைக்கு நன்றாகவே இருக்கிறது. கதவு ஸ்பீக்கரில் குரல் தெளிவு. குறை என்றால், ஸ்டீரியோவை அணைக்கும்போது சப்பில் ஒரு 'டொப்' சத்தம், ஐந்து வருடமாக இருக்கிறது. குமிழ்களின் பிளாஸ்டிக் மட்டம், ஒன்று உடைந்து ஸ்க்ரூ டிரைவரால் திருப்புகிறேன். இப்போது பேஸுக்கு அதிர்வது பின் நம்பர் பிளேட்தான். அதற்கு அடியில் ஃபோம் ஒட்டியிருக்கிறேன், மழை வந்தால் பிய்ந்துகொண்டு வருகிறது.