ஸ்ரீதேவி திரைப்படத் தொகுப்பு: ஒரு சந்தாதாரரின் மதிப்பீடு

குழந்தை நட்சத்திரமாக வந்து முன்னணிக் கதாநாயகியாக நிலைத்தவர்களில் ஸ்ரீதேவிக்கு நிகரானவர்கள் மிகச் சிலரே. அவருடைய படங்களை ஒரே இடத்தில் திரட்டியிருக்கும் இணையத் திரைச் சேவை ஒன்றின் தொகுப்பு, பெரும்பாலும் பாராட்டுக்குரியது.

1963இல் பிறந்த அவர், 'கந்தன் கருணை' (1967), 'துணைவன்' (1969) ஆகிய படங்களில் பால முருகனாகத் தோன்றியவர். 1976இல் 'மூன்று முடிச்சு' வெளியானபோது அவருக்கு வயது பதின்மூன்றுதான். அந்த வயதில், தன்னைத் துரத்தும் இளைஞனுக்கே சிற்றன்னையாகிப் பழிதீர்க்கும் பெண்ணின் அழுத்தத்தை அவர் முகத்தில் தாங்கி நின்றதைத் தொடர்ச்சியாகப் பார்க்கும்போது, வியப்போடு சற்றுச் சங்கடமும் எழுகிறது. மறு ஆண்டின் '16 வயதினிலே'யில், கேலிப்பெயரால் அழைப்பவனை ஓங்கி அறையும்படி சப்பாணிக்கு மயில் சொல்லித்தரும் காட்சியில், கண்டிப்புக்குள் ஒளிந்திருக்கும் பரிவை வசனத்தைவிடக் கண்களே அதிகம் பேசுகின்றன. 'மூன்றாம் பிறை'யைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

இந்திப் படங்களின் தேர்வு வழக்கமானதே. பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2012இல் திரும்பி வந்து நடித்த படமும், மறைவுக்குப் பின் தேசிய விருது பெற்றுத் தந்த 'மாம்' படமும் இருப்பது நிறைவு.

பெருங்குறை, குழந்தைப் பருவப் படங்களின் பிரதிகள்தாம். நிறம் வெளிறியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டியதில் குழந்தையின் நெற்றி காணாமல் போவதை எப்படிப் பொறுப்பது? மலையாளத்தில் அவருக்குக் கேரள அரசின் விருதைப் பெற்றுத் தந்த 'பூம்பாற்ற'வும் தொகுப்பில் இல்லை.