மண்ணுக்கடியிலா, கூரைக்கடியிலா?

இங்கிலாந்தின் பழைய எஸ்டேட் ஒன்றில் ரோமானிய மாளிகையின் மொசைக் தளம் (வண்ணச் சிறுகற்களைப் பதித்து உருவம் தீட்டிய தரை) தென்பட்டால், நில உரிமையாளர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன: அகழ்ந்து கூரையிட்டுக் காட்சிக்கு வைப்பது, மண்ணிட்டு மூடிப் புல்வெளியாக விடுவது, உழும் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு பயிரைத் தொடர்வது. மூன்றுக்குமே பாதுகாப்பு என்றுதான் பெயர். எனினும் அவை காப்பது ஒரே பொருளை அல்ல.

கூரையிடும் வழிக்குக் குளோஸ்டர்ஷயரிலுள்ள செட்வொர்த் நல்ல சான்று. 1864-இல் எல்டன் பிரபுவின் எஸ்டேட்டில் வெளிப்பட்ட அந்த மாளிகையின் சுவர்களுக்குச் சிறிய ஓட்டுக்கூரைகளை இட்டு, மொசைக்குகளின் மேல் கொட்டகைகளை எழுப்பி, முற்றத்தின் நடுவிலேயே ஓர் அருங்காட்சியகத்தையும் கட்டினார்கள். அக்கறையில் குறையில்லை. ஆனால் கூரை மழையைத் தடுக்குமே தவிர, நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தையும், அது உலரும்போது மேற்பரப்பில் படியும் உப்பையும், குளிர்காலத்தில் கல்லுக்கும் சாந்துக்கும் இடையில் உறையும் நீரையும் தடுக்காது. 1924-இல் பொறுப்பேற்ற, பாரம்பரிய இடங்களைப் பேணும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட், 2012-இல் மேற்குப் பகுதி முழுவதற்கும் புதிய காப்புக் கட்டடம் எழுப்ப வேண்டியதாயிற்று. ஒருமுறை திறந்த தளத்துக்குத் தலைமுறைதோறும் செலவு செய்தே ஆக வேண்டும் என்பதை விலைப்பட்டியல் எதுவும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. விக்டோரியா காலத்தவர் தளம் தெரியும்வரை மண்ணை வாரி வெளியேற்றியபோது, அதிலிருந்த கரித்துண்டும் எலும்பும் அவர்களுக்குக் குப்பையாகவே பட்டன; கரி, எலும்பு போன்றவற்றிலுள்ள கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் கரிமக் காலக்கணிப்பு வருவதற்கு இன்னும் எண்பது ஆண்டுகள் இருந்தன. அதே செட்வொர்த்தில் அவர்கள் கலைக்காமல் விட்ட ஒரு மூலையில், சுவரின் அடித்தளக் குழியிலிருந்து எடுத்த கரியையும் எலும்பையும் சோதித்த பிறகே, அங்குள்ள ஒரு மொசைக் 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்டது என்று 2020-இல் அறிவிக்க முடிந்தது. பிரிட்டனில் ரோமானிய ஆட்சி 410-ஐ ஒட்டி முடிந்ததும் இத்தகைய ஆடம்பர வாழ்வும் நின்றுபோனது என்ற கருத்தையே அது அசைத்துவிட்டது.

மூடி வைக்கும் வழிக்கு அதே மாவட்டத்தின் உட்செஸ்டரைப் பார்க்கலாம். கிரேக்கத் தொன்மக் கதையின் இசைக்கலைஞன் ஆர்ஃபியஸைச் சித்திரிக்கும், ஏறத்தாழ 15 மீட்டர் பக்கமுள்ள மொசைக் அங்கே பழைய கல்லறை வளாகத்தின் அடியில் கிடக்கிறது. அவ்வப்போது திறந்து காட்டும் வழக்கம் 1973-உடன் நின்றது. காண முடியாத பொருளுக்கு நன்கொடை திரட்டுவது கடினம் என்பது உண்மைதான். அதற்காகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் தளத்தின் ஈர நிலை குலைகிறது.

மூன்றாவது வழிதான் அதிகம் ஏமாற்றுவது. 1979-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின்படி பட்டியலிட்ட தொல்சின்னமாக அறிவித்துவிட்டால் ஏர் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முன்பிருந்தே உழப்பட்டுவந்த நிலத்தை அதே ஆழம்வரை தொடர்ந்து உழ, 1994-ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை இடமளிக்கிறது. ஆழத்தைக் குறைத்தாலும் சரிவான வயலில் மேல்மண் ஆண்டுதோறும் கீழே நகர்வதால், மாறாத ஆழத்தில் ஓடும் கொழுவே சில ஆண்டுகளில் தளத்தைத் தொட்டுவிடும். ஆழமற்ற உழவால் இறுகும் மண்ணைத் தளர்த்த ஆழக்கலப்பையை ஒரே ஒருநாள் இறக்கினாலும் அதுவரை காத்தது வீண். அரசின் வேளாண் சூழல் திட்டம் இரண்டுக்குமே, அதாவது உழவை முற்றிலும் நிறுத்துவதற்கும் ஆழத்தைக் குறைப்பதற்கும், பணம் தருகிறது. சமமான, ஆழ்மண் உள்ள வயலுக்கு மட்டுமே ஆழத்தைக் குறைப்பதை நான் ஏற்பேன். ரட்லாந்தில் 2020-இல் ஒரு விளைநிலத்தில் கண்டறியப்பட்ட, ட்ராய் போர்க் கதையின் வீரர்களான அக்கிலீஸையும் ஹெக்டரையும் சித்திரிக்கும் 11 மீட்டர் நீள மொசைக்கிற்கும் புல்வெளி வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆகவே, முன்பே திறந்து கிடப்பதும் பார்வையாளர் வருமானம் உள்ளதுமான இடத்துக்குக் கூரை, மற்றவற்றுக்குப் புல் என்பதே என் தேர்வு. ஆனால் புல்லை விதைத்துவிட்டு மறந்துவிடுவது காவல் ஆகாது. முள்செடியும் பெரணியும் வேரோடும். முயல் வளை தோண்டும். மண்ணில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு குடியேறிவிட்டால் 1992-ஆம் ஆண்டின் சட்டம் அதற்கும் பாதுகாப்பு தருவதால், உரிமம் பெறாமல் அதை வெளியேற்ற முடியாது. ஈரமான மாதங்களில் மாட்டின் குளம்பு நிலத்தைச் சேறாக்கும் என்பதால் ஆட்டை மேயவிடுவது நல்லது; தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் புதைந்த சுவர்களுக்கு எட்டத்தில், வயலின் வேறு ஓரத்தில் வைக்க வேண்டும்.