17 பேருக்குச் சோறு: விறகடுப்பா, குக்கரா, சூடாறாப்பெட்டியா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கோழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு எங்களுடையது. அத்தை, மாமா, மாமாவைப் பெற்ற அப்பத்தா, நான்கு மகன்கள், மருமகள்கள் நாங்கள் நான்கு பேர், பிள்ளைகள் ஆறு. அடுப்படி ஒன்றுதான்.

குழம்பை எத்தனை பேருக்கு என்றாலும் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடலாம். சோறு அப்படியில்லை. மதியத்துக்கு 2 கிலோ மட்ட அரிசி, அதாவது கேரளத்துச் சிவப்பரிசி, வேகவேண்டும். எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவதும் இல்லை. அப்பத்தாவுக்கு 12 மணிக்கே தட்டு வைக்கவேண்டும். தோப்பிலிருந்து ஆண்கள் 1 மணிக்கு வருவார்கள். நாங்கள் மருமகள்கள் உட்கார 2.30 ஆகிவிடும். கஞ்சிக்கோட்டில் காலை ஷிப்ட் முடித்துக் கொழுந்தனார் வர 3 மணி. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, பையைப் போட்டதும் கேட்பது சோறுதான். அப்போது 4 தாண்டியிருக்கும். ஆக, 12 மணிச் சோறு 4 மணி வரை நல்லபடியாக இருக்கவேண்டும். எந்த அடுப்பு நல்லது என்று யார் கேட்டாலும் நான் இந்த இடத்திலிருந்துதான் பேசத் தொடங்குவேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது விறகடுப்புதான். தென்னை மட்டை, பாளை, பன்னாடை, தேங்காய்த் தொட்டி எல்லாம் தோப்பிலேயே கிடக்கும். எரிப்பதற்குக் காசே ஆகாது. மட்ட அரிசிக்கு விறகுதான் பொருத்தம் என்பார் அத்தை. ருசியைப் பொறுத்தவரை நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். மட்ட அரிசி புழுங்கல். சிவப்புத் தவிடு கொஞ்சம் ஒட்டியே இருக்கும். பொன்னி போலச் சட்டென்று வேகாது. பெரிய போசியில் தண்ணீரைத் தாராளமாக விட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்தால், பருக்கை பருக்கையாக நிற்கும். வடிகஞ்சியில் உப்புப் போட்டு அப்பத்தாவுக்கு ஒரு டம்ளர், மிச்சம் மாட்டுக்கு.

ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் ஒருத்தி அங்கேயே நிற்கவேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் புகை முழுக்க அடுப்படிக்குள்ளேயே திரும்பும். பரிஷத் அடுப்பு வைத்த பிறகு விறகும் குறைந்தது, புகையும் குறைந்தது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்கிற அறிவியல் இயக்கம் பரப்பிய அடுப்பு அது, புகைக்குழாய் வைத்தது. அந்தக் குழாயில் படியும் கரியைத் தட்டாமல் விட்டால் மறுபடி பழைய கதைதான். அத்தையின் இருமல் அந்த அடுப்படியில் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த இருமலைத் தினமும் கேட்கிற எனக்கு, ருசிக்காக விறகடுப்புக்குத் திரும்ப மனம் வரவில்லை.

அடுத்து கேஸும் குக்கரும். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்குக் குக்கரை மிஞ்ச ஒன்றுமில்லை. 17 பேர் வீட்டில் அதன் கணக்கே வேறு. அரிசி வைத்தால் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எங்களுடையது 12 லிட்டர். 2 கிலோ மட்ட அரிசியும் அதற்குரிய தண்ணீரும் பாதியைத் தாண்டிவிடும். அதனால் இரண்டு தடவை வைக்கவேண்டும். ஒருமுறை அவசரத்தில் முழுவதையும் ஒன்றாகவே வைத்தேன். தவிட்டு நுரை ஏறி வெயிட் வால்வு அடைத்துக்கொண்டது. சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு கஞ்சி கூரை வரை அடித்தது. சின்னவள் அப்போதுதான் அடுப்படியை விட்டு வெளியே போயிருந்தாள். இன்றும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அது என் தப்பு. ஒழுங்காக வைத்தாலும் ஒரு குறை இருக்கிறது. குக்கரில் வடிகஞ்சி கிடைக்காது. திறந்துவிட்டால் சோறு சீக்கிரம் ஆறிக் கட்டிப்படும். முதலில் சாப்பிடுகிறவருக்கு ஆவி பறக்கும் சோறு, 2.30க்கு உட்காருகிறவளுக்கு அடியில் ஒட்டிய ஆறின சோறு. சூடு பண்ணினால் அதற்கும் கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் எங்கள் வீட்டில் மாதம் முடியும் வரை நின்றதே இல்லை.

கரண்ட் குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை போதும். இந்தக் காற்றில் மட்டை விழுந்து லைன் போகும் ஊரில் அதை நம்பி உலை வைக்க முடியாது.

அப்புறம் வந்தது சூடாறாப்பெட்டி. மலையாளத்துப் பெயர்தான், ஆனால் நமக்குச் சொல்லிப் புரியவைக்கவேண்டியதில்லை. இதையும் கேரளத்து வீடுகளில் பரப்பியது 1962இல் தொடங்கிய அதே பரிஷத்தான். அவர்களுடைய ஊரகத் தொழில்நுட்ப மையம் 1987இலிருந்து நம் மாவட்டத்து முண்டூரிலேயே இருக்கிறது. பெட்டிக்குள் தெர்மாகோல், நடுவில் பாத்திரம் உட்காரக் குழி, மேலே இறுக்கமான மூடி. இப்போது கடையில் ஸ்டீலில் வரும் தெர்மல் குக்கரும் இதே வேலைதான் செய்கிறது. அரிசியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, போசியை மூடியபடியே உள்ளே இறக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் மட்ட அரிசி வெந்திருக்கும்.

கொதி வந்த பிறகு நாம் எரிக்கும் தீ பெரும்பாலும் பாத்திரம் வெளியே விடும் சூட்டையும் ஆவியையும் ஈடுகட்டத்தான் போகிறது. அந்தச் சூடு வெளியேறாமல் தடுத்துவிட்டால் தீ தேவையில்லை. போசி பெரிதாக ஆக, உள்ளிருக்கும் சூடு மெதுவாகத்தான் குறையும். அதனால் இது பெரிய குடும்பத்துக்கென்றே அமைந்த பொருள். அரைக் கிலோவை அதே பெரிய பெட்டியில் வைத்துப் பார்த்தேன். நடுவில் அரிசி விறைப்பாகவே இருந்தது. 2 கிலோ வைத்தால் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

10.30க்கு உள்ளே இறக்கிவிட்டு நான் துணி துவைக்கப் போய்விடுவேன். 11.45க்கு வடித்து, சோற்றைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தால் கொழுந்தனாருக்கும் சூடு இருக்கும், பிள்ளைகளுக்கும் இருக்கும். வடிகஞ்சியும் கிடைக்கிறது. முதல் வாரம் பெரியக்கா, என் மூத்த ஓரகத்தி, 2.30க்குத் தட்டில் கை வைத்துவிட்டு, “சுடுது பாரு” என்றார். இந்த வீட்டுக்கு அவர் வந்து 19 வருஷம் ஆகிறது.

குறை இல்லாமல் இல்லை. அரிசியும் தண்ணீருமாகப் பத்துக் கிலோவுக்கு மேல் கொதிக்கும் போசியைத் தூக்கி இறக்குவது ஒரு ஆள் வேலை இல்லை. நாங்கள் இரண்டு பேர் பிடிப்போம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டோம். நடுவில் திறந்து பார்த்தால் வேகாது. ஒருநாள் ஒரம்பரை வந்த பேச்சில் மறந்து மூன்று மணி நேரம் விட்டுவிட்டோம்; சோறு கூழாகிவிட்டது. ராத்திரி மிச்சத்தை அதிலேயே வைக்கவும் கூடாது. சூடு மெல்ல மெல்லக் குறையும் வெதுவெதுப்பில் சோறு ஊசிப்போகும். தண்ணீர் ஊற்றிப் பழையசோறாக வைப்பதே நல்லது.

எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைகளின் டிபன் பாக்ஸுக்குக் காலை 6 மணிக்குக் குக்கரில் ஒரு கிலோ பொன்னி. மதியம் பெட்டி. விறகடுப்பு வெந்நீருக்கும், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கும். வாங்க நினைப்பவர்கள் பேருக்கு 125 கிராம் அரிசி என்று கணக்கு வைத்து, அதற்கு ஏற்ற அளவில் எடுங்கள். ரொம்பப் பெரிதாக வேண்டாம். மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று கடையிலேயே மூடிப் பாருங்கள்.